மீன்பாசி ஏலம்: குத்தகைதாரர் மாறினால் குளமும் மாறும்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 'சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வரும் ஒரு குளத்தின் ஆயக்கட்டுக்காரர்கள் நாங்கள். இதுவரை மீன்பாசி குத்தகையை உள்ளூர் மீனவர் சங்கம் எடுத்து வந்தது. இந்த முறை, வைப்புத்தொகை கட்டும் யார் வேண்டுமானாலும் ஏலம் கேட்கலாம் என்று தகுதியை மாற்றப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். வெளியூர் ஆள் எடுத்தால், பிசானம் பால் பிடிக்கிற நேரத்தில் மீனுக்காகத் தண்ணீரை இறக்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இப்படி ஒரு விதியை மாற்றுவதற்கு முன்னால் சுற்றுச்சூழல் ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டம் கிடையாதா? நாங்கள் என்ன செய்யலாம்?'

- ஆயக்கட்டு விவசாயிகள், சேரன்மகாதேவி வட்டம்.

பதில்: முதல் கேள்விக்கு நேரடியான பதில், கிடையாது. 2006-ம் ஆண்டு செப்டம்பரில் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சுரங்கம், அணை, ஆலை, துறைமுகம் போன்ற திட்டங்களுக்குத்தான் பொருந்தும். 'யார் மீன் பிடிக்கலாம்' என்ற விதியை மாற்றுவது அதன் பட்டியலில் இல்லை. குளம் ஈரநிலம்தானே, அந்தச் சட்டம் காப்பாற்றாதா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். 2017-ம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காகவே மனிதர்கள் கட்டிய நீர்நிலைகளைத் தங்கள் வரம்பிலிருந்து விலக்கிவிட்டன. கூந்தன்குளம் போல ராம்சார் பட்டியலில் ஏறிய இடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. சாதாரண ஊர்க் குளத்துக்கு இல்லை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவில் 1969-ம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டப்படி, மத்திய அரசு கடல் மீன்பிடி உரிமத்துக்கான தகுதியை மாற்றினால்கூட, அதனால் மீனுக்கும் நீருக்கும் என்ன ஆகும் என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். பல நேரம் அது சிறிய ஆய்வாகவே முடிந்துவிடும். ஆனாலும் கேள்வி கேட்கப்பட்டு, பதில் பதிவாகிவிடும்.

நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் ஆயக்கட்டுக்காரர்கள்தான். அதற்கு வழிகளும் இருக்கின்றன. அதற்கு முன், தகுதி விதிக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ளுங்கள். அதிகாரியிடம் பேசும்போது அதுதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

ஆள் மாறினால் தொழில் மாறும்

ஒரே குளத்தை இரண்டு பேர் குத்தகைக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் அடுத்த முறையும் அதே குளத்தை எடுக்கும் நம்பிக்கை உள்ளவர். இன்னொருவர் பெரிய தொகை கட்டி, குறுகிய காலத்துக்கு எடுத்தவர்.

முதல் ஆள் கொஞ்சம் விரால், கெளுத்தி, அயிரையை விட்டுவைப்பார். அடுத்த மழைக்கு அவை பெருகினால் அவருக்குத்தான் லாபம். இரண்டாவது ஆளுக்கு அந்தக் கணக்கு இல்லை. போட்ட பணத்தைக் குத்தகை முடிவதற்குள் எடுத்தாக வேண்டும். அதனால் வேகமாக வளரும் மீனைத் தேடுவார். தீவனச் செலவைக் குறைக்கக் கோழிக்கடைக் கழிவைக் கொட்டத் தோன்றும். சின்னக் கண்ணி வலையால் குஞ்சுவரை அரித்தெடுக்கத் தோன்றும். கடைசியில், பள்ளத்தில் கிடக்கும் மீனையும் எடுக்க மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கத் தோன்றும். அவர் கெட்டவர் என்பதால் இப்படி நடப்பதில்லை. குத்தகையின் அமைப்பே அவரை அங்கே தள்ளுகிறது.

ஆக, தகுதி விதியையும் குத்தகைக் காலத்தையும் மாற்றினால் தண்ணீர் மட்டம், மீன் இனம், தீவனம், வலை என எல்லாமே மாறலாம். காகிதத்தில் ஒரு வரி மாறினால், அதன் விளைவு உங்கள் மடையில் தெரியும்.

வெள்ளக் காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மீன் தப்பிப் போகாமல் இருக்க மறுகாலிலும் மடையிலும் வலை கட்டுவார்கள். அந்த வலையில் அமலைச் செடியும் குப்பையும் சேர்ந்தால் மறுகால் அடைபடும், தண்ணீர் கரையை மீறும். 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளக்கரைகள் உடைந்ததும் நமக்குத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் மறுகாலை அடைக்கும் எந்த வலையும் சின்ன விஷயம் அல்ல.

ஆராயாமல் செய்த மாற்றங்கள்

இன்று நம் குளங்களில் வலை போட்டால் முதலில் ஏறுவது பெரும்பாலும் ஜிலேபி மீன். அது இந்த மண்ணின் மீன் அல்ல. ஆப்பிரிக்க இனம். ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல நோக்கத்தோடு 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் ஆற்று ஓட்டத்தில் முட்டையிடுபவை. நின்ற குளத்தில் தாமாகப் பெருகுவதில்லை, குஞ்சு வாங்கித்தான் விட வேண்டும். ஜிலேபி அப்படி இல்லை. குளத்திலேயே ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு பொரிக்கும், குஞ்சை வாயில் வைத்துக் காப்பாற்றும். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் வெளியேற்ற முடியாது. எழுபது ஆண்டுகளுக்கு முன் யாராவது உட்கார்ந்து 'இது குளத்தில் பெருகினால் நம் கெண்டைக்கு என்ன ஆகும்?' என்று கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

பக்கத்து நாடான இலங்கையில் நடந்ததும் நமக்குப் பாடம். அங்கே உள்நாட்டு மீன்வளத்துக்கு அரசு கொடுத்துவந்த ஆதரவு 1990-ல் நிறுத்தப்பட்டு, 1994-ல் மீண்டும் தொடங்கியது. இடையில் குளங்களில் கண்காணிப்பு தளர்ந்தது, சின்னக் கண்ணி வலைகள் பெருகின, மீன் வரத்து சரிந்தது. நிர்வாகத்தில் செய்த ஒரு மாற்றம் சில ஆண்டுகளிலேயே நீருக்குள் தெரிந்தது. பிற்பாடு அங்கே, கோடையில் வற்றும் சிறு குளங்களில் மீன் வளர்க்கும் பொறுப்பை ஊர் விவசாயிகள் அமைப்புகளோடு இணைத்தார்கள். எப்போது மடை திறக்க வேண்டும், எப்போது மீன் பிடிக்க வேண்டும் என்பதை ஒரே கூட்டத்தில் பேசி முடிவு செய்ய அது வழி செய்தது.

உள்ளூர்க்காரர் என்றால் போதுமா?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உள்ளூர்ச் சங்கம் எடுத்தால் குளம் தானாகக் காப்பாற்றப்பட்டுவிடும் என்று சொல்ல முடியாது. சங்கத்தின் பெயரில் ஒரே ஒருவர் ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கும் குளங்களும் உண்டு. குறைந்த தொகைக்குக் குத்தகை போனால் ஊராட்சிக்கு வர வேண்டிய பணமும் வராது. அந்தப் பணத்தில்தான் மடையைப் பழுது பார்க்க வேண்டும், கரையில் உள்ள சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும். பொது ஏலத்துக்கு ஆதரவாக இந்த நியாயங்கள் இருக்கத்தான் செய்கின்றன.

மறுபக்கம், குளத்து மீனை நம்பிப் பரம்பரையாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. வைப்புத்தொகை மட்டுமே தகுதி என்றால் அவர்களால் ஏலத்தில் கை தூக்கவே முடியாது. குளத்தை நன்றாக அறிந்தவர்கள் வெளியே போய், குளத்தைப் பார்த்தே இராதவர் உள்ளே வருவார்.

ஆகவே 'வெளியூர்க்காரர் வேண்டாம்' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த வாதம் எளிதில் தோற்றுவிடும். 'யார் எடுத்தாலும் இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டே எடுக்க வேண்டும், மீறினால் அடுத்த ஏலத்துக்குத் தகுதி இல்லை' என்று கேளுங்கள். குளத்தை எப்படி வைத்திருந்தார் என்பதும் தகுதியின் ஒரு பகுதியாக வேண்டும்.

நீங்களே செய்யும் குள ஆய்வு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஏல அறிவிப்பு வருவதற்கு முன் ஆயக்கட்டுக்காரர்கள், மீனவர்கள், மடை பார்ப்பவர் எல்லோரும் கூடி, கீழ்க்கண்டவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

1. தண்ணீர் மட்டம்: பிசானம் அறுவடை முடியும்வரை எந்த மட்டத்துக்குக் கீழே இறக்கக் கூடாது? கோடையில் ஆடு, மாடு குடிக்க எவ்வளவு நிற்க வேண்டும்? இரண்டு மட்டத்தையும் மடைக் கல்லில் பெயின்டால் கோடு போட்டு, புகைப்படம் எடுத்து வையுங்கள். 'போதுமான தண்ணீர்' என்று எழுதினால் தகராறுதான் வரும். கோட்டை யாரும் மறுக்க முடியாது.

2. மீன் இனம்: இப்போது குளத்தில் என்னென்ன மீன் இருக்கிறது? விரால், குறவை, கெளுத்தி, ஆரால், உளுவை, அயிரை, கெண்டை வகைகள் என ஊர்ப்பெயரிலேயே எழுதுங்கள். எது முன்பு இருந்து இப்போது இல்லை என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்தக் குஞ்சை விடலாம், எதை விடக் கூடாது என்று பட்டியலாகக் கேளுங்கள்.

3. ஆற்றுத் தொடர்பு: உங்களுடையது கால்வாய்த் தண்ணீர் வரும் குளம். மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் குளத்தில் ஒரு தவறான மீனை விட்டால் பாதிப்பு பெரும்பாலும் அந்தக் குளத்தோடு நிற்கும். உங்கள் குளத்தில் விட்டால் மறுகால் வழியாக அடுத்த குளம், அதற்கடுத்த குளம், கடைசியில் ஆறு. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் ஒரு கெண்டை இனம் நம் ஆற்றில் இருக்கிறது. ஈ.ஜி.சைலஸ் 1950-களில் விவரித்த அந்த மீன் இன்று உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.

4. தீவனமும் கழிவும்: கோழிக்கழிவு, இறைச்சிக்கழிவு கூடாது என்று தெளிவாக எழுத வேண்டும். கழிவு அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அடையாளம். அந்தத் தண்ணீர்தான் உங்கள் நாற்றங்காலுக்கும் வருகிறது.

5. வலையும் காலமும்: கண்ணி அளவு என்ன? புதுவெள்ளம் வரும்போது மீன்கள் முட்டையிட எதிர்த்து ஏறும். அந்த நாட்களில் வாய்க்கால் வாயிலும் மறுகாலிலும் பிடிக்கக் கூடாது. விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் மீன். குஞ்சோடு நிற்கும் தாய் மீனைப் பிடித்தால் அந்தக் கூட்டமே போய்விடும். நஞ்சு கலந்தோ வெடி வைத்தோ மீன் பிடிப்பது 1897-ம் ஆண்டின் மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். அதையும் நிபந்தனையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

6. பறவைகள்: 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் குளம் அதில் இருந்தால் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே உள்ள திருப்புடைமருதூர், 2005-ல் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகள் இரை தேடுவது சுற்றியுள்ள குளங்களிலும் வயல்களிலும்தான். பறவையைக் கொல்வதும் கூட்டைக் கலைப்பதும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூந்தன்குளத்துக்காரர்கள், பறவை எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு உரமாக அள்ளிப் போடுகிறவர்கள். பறவை விவசாயிக்கு எதிரி அல்ல என்று அவர்களுக்குத் தெரியும்.

7. மறுகாலும் மடையும்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மறுகாலில் வலையோ முள்ளோ கட்டக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

யாரிடம் கொடுப்பது?

முதலில் குளம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். பொதுவாக 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர் வரை ஆயக்கட்டு உள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்திடமும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் இருக்கும். அதைப் பொறுத்து ஏலம் விடும் அலுவலகம் மாறும்.

அடுத்து, 'பேசிக்கொள்கிறார்கள்' என்பதை வைத்து மனு எழுதாதீர்கள். கடந்த குத்தகை ஒப்பந்தம், அதன் நிபந்தனைகள், புதிய ஏல அறிவிப்பு, தகுதி மாற்றத்துக்கான ஆணை ஆகியவற்றின் நகல்களை, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பழைய ஒப்பந்தத்திலேயே பாசனத்துக்குத்தான் முதல் உரிமை என்று நிபந்தனை இருந்தால் பாதி வேலை முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் அது விடுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மேலே சொன்ன ஏழு குறிப்புகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலை ஏலம் விடும் அலுவலகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் கொடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

நான்காவது வழியைப் பலரும் பயன்படுத்துவதில்லை. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் உள்ள உயிரினங்களை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுவது அதன் வேலை. உங்கள் குளத்து மீன் பட்டியல் அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டால், 'இங்கே காப்பாற்ற என்ன இருக்கிறது?' என்று யாரும் கேட்க முடியாது. வணிகத்துக்காக உயிரி வளத்தை எடுப்பவரிடம் கட்டணம் வசூலிக்கவும் அந்தச் சட்டத்தின் 41-வது பிரிவு குழுவுக்கு இடம் தருகிறது.

இவற்றுக்குப் பிறகும் பலன் இல்லை என்றால்தான் வழக்கு. குத்தகை முறையும் தகுதி விதியும் தவறு என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. தண்ணீர் மாசு, பல்லுயிர்ச் சட்ட மீறல் என்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. அங்கே பொதுவாக ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால் தேதிகளை எழுதி வையுங்கள்.

ஏலம் முடிந்த பிறகு குத்தகைதாரரிடம் போய், 'அண்ணாச்சி, தண்ணியை இறக்காதீங்க' என்று கெஞ்சுவதைவிட, ஏலத்துக்கு முன் ஒரு வரியை எழுத வைப்பது சுலபம். பணம் கட்டி எடுத்தவருக்கும் அதுதான் நியாயம். என்ன நிபந்தனை என்று தெரிந்தே அவர் தொகை கேட்பார்.

கேள்வி: 'எங்களுக்கு ராதாபுரம் பக்கம் கொஞ்சம் முருங்கைத் தோட்டம் உண்டு. உறவுக்காரர்கள் உவரியில் பைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறார்கள். ஆழ்கடலில் மீன் பிடிக்க மத்திய அரசு புதிதாக அனுமதிச் சீட்டு கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறார்கள். சின்னப் படகுக்கும் அது வேண்டுமா? பெரிய கப்பல்கள் வந்து மீனை அள்ளிவிடுமா?'

- வாசகி, ராதாபுரம் வட்டம்.

பதில்: குளத்துக் கேள்வியின் பெரிய வடிவம்தான் உங்கள் கேள்வி.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசின் அதிகாரம். அங்கே 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் நடக்கிறது. அந்தச் சட்டத்தில் நல்ல அம்சம் ஒன்று உண்டு. மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தும்போது அரசு மூன்று விஷயங்களைக் கருத்தில் கொள்ள வேண்டும்: கட்டுமரம், நாட்டுப்படகு போன்றவற்றில் தொழில் செய்வோரின் நலன், மீன்வளத்தைக் காப்பது, கடலில் சட்டம் ஒழுங்கு. யார் பிடிக்கலாம் என்பதும் மீன் மிஞ்சுமா என்பதும் அங்கே ஒரே பிரிவில் சேர்ந்து வருகின்றன.

12 கடல் மைலுக்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசின் அதிகாரம். அந்தப் பகுதிக்குத்தான் 2025-ம் ஆண்டு நவம்பர் 4-ம் தேதி புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. விசைப்படகுகளும், இயந்திரம் பொருத்திய பெரிய படகுகளும் இணையம் வழியாக அனுமதிச் சீட்டு பெற வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பாரம்பரிய மீனவர்களின் படகுகளுக்கும், சிறிய அளவில் தொழில் செய்பவர்களின் இயந்திரப் படகுகளுக்கும் சீட்டு தேவையில்லை. உங்கள் உறவினர்களின் பைபர் படகு சிறிய படகு என்றால் கவலை வேண்டாம். மாநில மீன்வளத் துறையின் பதிவும் உரிமமும் மட்டும் நடப்பில் இருக்கட்டும்.

வெளிநாட்டுக் கப்பல்களுக்கு இந்த விதிகளில் இடம் இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீன் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை என்று சொல்லப்பட்டிருக்கிறது. எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் மீன் பிடிப்பதும், இரட்டைமடி போன்ற இழுவை முறைகளும் தடை செய்யப்பட்டுள்ளன. பிடிக்கத்தக்க மீனின் குறைந்தபட்ச அளவும், மாநிலங்கள், மீனவர்கள், விஞ்ஞானிகளைக் கலந்து மீன்வள மேலாண்மைத் திட்டங்கள் தயாரிப்பதும் விதிகளில் உள்ளன.

பெரிய கப்பல் பற்றிய உங்கள் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஒரு தாய்க்கப்பல் கடலிலேயே நின்று, பல படகுகளின் மீனை வாங்கிச் சேர்க்கும் முறைக்கும் இந்த விதிகள் இடம் தருகின்றன. கரைக்கு வந்து போகும் செலவு குறைந்தால் படகுகள் அதிக நாள் கடலில் நிற்கும், அதிகம் பிடிக்கும். சூரை மீன் 12 கடல் மைல் கோட்டைப் பார்த்து நீந்துவதில்லை. வெளியே அதிகம் பிடித்தால் உவரி, கூடுதாழை, கூத்தன்குழி கரைகளுக்கு வரும் மீனும் குறையலாம். அதனால்தான் மேலாண்மைத் திட்டம் முக்கியம். எத்தனை சீட்டு, எந்த இடத்தில், எந்த மீனுக்கு என்ற கணக்கு அதில்தான் வர வேண்டும். சீட்டு கொடுப்பது முந்தி, திட்டம் பிந்தி என்று ஆகிவிடக் கூடாது. இதைக் கேட்க வேண்டிய இடம் உங்கள் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கம்.

நிபந்தனையோடு கூடிய அனுமதிக்கு முன்மாதிரி உண்டு. சுருக்குமடி வலைக்குத் தமிழக அரசு விதித்த தடை தொடர்பான வழக்கில், 2023-ம் ஆண்டு ஜனவரி 24-ம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்று போட்டது. 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டும், பதிவு செய்த படகுகள் மட்டும், கண்காணிப்புக் கருவியோடு மட்டும் என்று அந்த அனுமதி இருந்தது. அந்த உத்தரவு சரியா, தவறா என்பதில் மீனவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. ஆனால் இடம், நாள், நேரம், கருவி என்று அளந்து எழுத முடியும் என்பதை அது காட்டியது. கடலில் எழுத முடிந்ததைக் குளத்தில் எழுத முடியாதா என்று சேரன்மகாதேவி வாசகர்களும் கேட்கலாம்.

கேள்வி: '2023 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் குளத்தில் மூன்று, நான்கு கிலோ எடையில் மீசை வைத்த கெளுத்தி சிக்குகிறது. சின்ன மீன்கள் குறைந்துவிட்டன. இது எந்த மீன்? பிடித்ததைத் திரும்ப விடலாமா?'

- விவசாயி, ஸ்ரீவைகுண்டம் வட்டம்.

பதில்: நீங்கள் சொல்லும் எடையைப் பார்த்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டுத் தேளி மீனுக்கும் நான்கு ஜோடி மீசை உண்டு. ஆனால் அது இவ்வளவு பெரிதாக வளராது. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் தலை தட்டையாக, அகலமாக இருக்கும். உடலில் பெரும்பாலும் ஒழுங்கற்ற திட்டுகள் தெரியும்.

சந்தேகம் தீர, ஒரு மீனை ஐஸ் போட்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ தூத்துக்குடியில் உள்ள மீன்வளக் கல்லூரிக்கோ எடுத்துப் போய்க் காட்டுங்கள். அந்த மீன்தான் என்று உறுதியானால், பிடித்ததை எக்காரணம் கொண்டும் உயிரோடு திரும்ப விடாதீர்கள். வேறு குளத்துக்கோ கிணற்றுக்கோ கொண்டுபோகவும் வேண்டாம். இந்தியாவில் அதை வளர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மற்ற மீன், தவளை, குஞ்சு எல்லாவற்றையும் தின்னும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் சேற்றிலும் பிழைத்துக்கிடக்கும். அதனால்தான் குளத்தை வற்றவைத்தாலும் எளிதில் ஒழிவதில்லை.

வெள்ளத்தில் கரை உடையும்போது, ஒரு குட்டையில் யாரோ ஒருவர் வளர்த்த மீன் எல்லோருடைய குளத்துக்கும் வந்துவிடுகிறது. உங்கள் ஊர் மீன்பாசி நிபந்தனையில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். குஞ்சு வாங்கிய இடத்தின் ரசீதைக் குத்தகைதாரர் ஊராட்சியில் காட்ட வேண்டும். குஞ்சு விடும் நாளில் ஆயக்கட்டுக்காரர் இருவர் உடன் இருக்க வேண்டும். கோடையில் தண்ணீர் தானாகக் குறையும் நேரத்தில், குத்தகைதாரரோடு பேசி, சிக்கும் பெரிய கெளுத்திகள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். ஒரே ஆண்டில் தீராது. இரண்டு மூன்று கோடை விடாமல் செய்தால் குறையும்.

(உங்கள் குளத்தின் ஏல அறிவிப்பு அல்லது ஒப்பந்த நகல் கையில் இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். நிபந்தனைகளை ஒப்பிட்டு, வரும் இதழ்களில் எழுதுகிறோம்.)